எழுத்து தெரியும், சொல் வரவில்லை: கொம்பில் தடுக்கும் வாசிப்பைச் சரிசெய்த விதம்

247 எழுத்தையும் தனித்தனியாகச் சொல்லும் பிள்ளை 'கோடு' என்ற சொல்லில் திணறும். வாசிப்புப் பயிற்சியில் நான் அடிக்கடி பார்க்கும் சிக்கல் இது. முதலில் அட்டவணையை மறுபடி ஓதவைத்தேன், பலன் இல்லை. கோளாறு நினைவில் இல்லை, கண் நகரும் வரிசையில் இருந்தது. கொம்பு (ெ, ே) எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. ஓகாரத்தில் குறி இருபுறமும் பிரிந்து நிற்பதால், பிள்ளை 'கே' என்று தொடங்கிவிட்டுத் துணைக்காலை (ா) கண்டதும் தடுமாறும்.

தடித்த அட்டையில் ஓர் எழுத்து மட்டும் தெரியுமளவு சன்னல் வெட்டினேன். 'கோ' முழுதாகத் தெரிய வேண்டும். சன்னல் குறுகினால் துணைக்கால் மறைந்து பழைய பிழையே திரும்பும். மெய்யைக் கறுப்பிலும் குறியைச் சிவப்பிலும் எழுதுங்கள். கறுப்பைத் தொட்டு 'க்', சிவப்பின் இரு துண்டையும் இரண்டு விரலால் ஒருசேரத் தொட்டு 'ஓ', பிறகு 'கோ'. இந்த இரண்டு விரல்தான் முக்கியம். ஒரு விரல் வைத்தால் குறி மறுபடி இரண்டாகிவிடும்.

அடுத்து இணைச்சொற்கள்: கொடு–கோடு, தொடு–தோடு, பெறு–பேறு. நாளுக்கு 5 இணை, 10 நிமிடம். படம் காட்டாதீர்கள், ஊகிக்கத் தொடங்கிவிடுவார்கள். தவறினால் விடையைச் சொல்லாமல் சன்னலைப் பின்னுக்கு நகர்த்துங்கள்.

10க்கு 9 சரியாக வந்த பிறகே வண்ணத்தை நீக்கினேன். புள்ளியெழுத்தை விழுங்குவது வேறு சிக்கல். அதற்குப் 'பட்–டம்' என்று கைதட்டிப் பிரிக்க வைப்பேன்.