டிவியில் பெயர் வாங்கிய பிள்ளை: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளை டிவியில் பிரபலமானதும் பல வீடுகளில் நடக்கும் பெரிய தவறு, அவன் சம்பாதிப்பதைக் குடும்ப வருமானமாக நினைப்பது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்க நடிகர் கேரி கோல்மனின் வாழ்க்கையே சாட்சி.

1978 முதல் 1986 வரை ஓடிய 'டிஃபரன்ட் ஸ்ட்ரோக்ஸ்' தொடரில் ஆர்னால்டாக நடித்து வீடு வீடாகப் புகழ்பெற்றவர் அவர். உச்சத்தில் ஒரு எபிசோடுக்கு 1 லட்சம் டாலர் வரை வாங்கியதாகச் சொல்வார்கள். 1989-இல், தன் பணத்தைக் கையாடிவிட்டார்கள் என்று வளர்ப்புப் பெற்றோர் மீதும் முன்னாள் ஆலோசகர் மீதும் வழக்குப் போட்டார். 1993-இல் சுமார் 12.8 லட்சம் டாலர் அவருக்குத் தரச் சொல்லித் தீர்ப்பானது. சரி, ஜெயித்துவிட்டாரே என்று தோன்றும். 1999-இல் அவர் திவால் மனு கொடுத்தார்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடவும் கூடாது. சாப்ளினோடு நடித்த ஜாக்கி கூகனின் சம்பாத்தியத்தைக் குடும்பத்தினரே செலவழித்துவிட்ட பிறகு, 1939-இல் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. ஆனால் நீதிமன்றம் ஒப்புதல் தந்த ஒப்பந்தங்களுக்கு மட்டும்தான் அது செல்லும். பிள்ளையின் சம்பாத்தியம் பிள்ளைக்கே சொந்தம், 15 சதவீதத்தைத் தனிக்கணக்கில் போட வேண்டும் என்று திருத்தியது 2000-இல்தான். கோல்மனுக்கு அதனால் என்ன பயன்?

அவர் விஷயத்தில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. பிறவியிலேயே சிறுநீரக நோய். நோயும் அதற்கான மருந்துகளும் வளர்ச்சியைத் தடுத்ததில் உயரம் 142 சென்டிமீட்டரோடு நின்றுவிட்டது. அந்தக் குறையே தொடருக்கு வசதியாகிப் போனது. பதினெட்டை நெருங்கும்போதும் சின்னப் பையன் வேடம்தான். அப்புறம் எந்த இயக்குநர் அவரை ஆளாகப் பார்ப்பார்? வளர்கிற பிள்ளையை ஒரே முகத்துக்குள், ஒரே வசனத்துக்குள் அடைத்து வைக்காதீர்கள்.

பார்க்கிற நமக்கும் இதில் பங்கு உண்டு. 1998-இல் செக்யூரிட்டியாக வேலை பார்த்த கோல்மன், குண்டு துளைக்காத அங்கி வாங்கக் கடைக்குப் போனார். அங்கே ஆட்டோகிராஃப் கேட்டவரோடு தகராறு முற்றிக் கைநீட்டிவிட்டார், கேஸ் ஆனது. கைநீட்டியது தப்புதான். ஆனால் ஊர் சிரித்தது அவருடைய யூனிஃபார்மைப் பார்த்து! உழைத்துச் சாப்பிடுவதில் என்ன கேவலம்? 2010-இல், 42 வயதில் அவர் இறந்துபோனார்.

படிப்பை ஒப்புக்குச் சப்பாணியாக வைப்பதும் தவறு. 'தி ஒண்டர் இயர்ஸ்' நாயகி டானிகா மெக்கெல்லர், தொடர் 1993-இல் முடிந்ததும் கல்லூரியில் சேர்ந்து 1998-இல் கணிதப் பட்டம் பெற்றார், கணிதப் புத்தகங்கள் எழுதினார். நடிப்பையும் விட்டுவிடவில்லை.

நம் நாட்டிலும் 2017 விதிகளின்படி, குழந்தைக் கலைஞரின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அந்தக் குழந்தையின் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும். நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வைப்புநிதி ரசீதைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள். விவரம் புரிகிற வயது வந்ததும் பிள்ளையிடமும் காட்டுங்கள்.