20டபிள்யூ-50 ஒயிலால் மினக்கெட்ட நாலு நாள்

சேர்விஸ் முடிஞ்ச அடுத்தநாள் காலமை ஸ்டார்ட் பண்ண, 660 சிசி ஜப்பான் காரில ‘டிக் டிக்’ சத்தம். பிறகு எஞ்சின் லைற். ஸ்கேனரில பி0011 எண்ட கோட், கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடுற தண்டு) ரைமிங் கோளாறு. பிளக் மாத்தி, ஒயில் கொன்ட்ரோல் வால்வையும் கழுவினேன், பலனில்லை.

ஒயில் ஊத்துற மூடியைத் திறக்கேக்கதான் கண்டனான்: அதிலேயே 0டபிள்யூ-20 எண்டு பொறிச்சிருக்கு. கராஜில ஊத்தினது 20டபிள்யூ-50. யாழ்ப்பாண வெக்கைக்குத் தடிச்ச ஒயில்தான் நல்லமாம்! பின்னால இருக்கிற எண்தான் சூட்டில ஒயிலின்ர தரம்: 100 பாகை செல்சியஸில 20 தரத்தின்ர பிசுக்குமை (தடிப்பு) 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸ், 50 தரம் 16.3 முதல் 21.9. இந்த எஞ்சினில வால்வ் ரைமிங்கை நகர்த்துறதே ஒயில் அழுத்தம்தான். சின்னத் துவாரங்களுக்குள்ளால தடிச்ச ஒயில் நேரத்துக்குப் போகாது.

எஞ்சின் இளஞ்சூட்டில இருக்கேக்க வடிச்சு, பில்டரும் மாத்தி, ஏபிஐ எஸ்பி (ஒயில் தரக் குறியீடு) 0டபிள்யூ-20 ஊத்தி, கோட் நம்பரை அழிச்சேன். சத்தமும் இல்லை, லைற்றும் இல்லை. வடி போல்ட்டுக்குப் புது வொஷர் போடுங்கோ.