பில்லுக்குள் சரக்கு, சரக்குக்குள் வரி: நெஸ்டட் டேட்டாவை சர்வருக்கு அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாஸ்பேட்டையில் எங்களுடையது சின்ன ஆபீஸ். மொத்த வியாபாரிகளுக்கு பில்லிங், ஸ்டாக் ஆப் எழுதிக் கொடுப்பதுதான் பிழைப்பு. கடலூர், விழுப்புரம் பக்கமிருந்து காலேஜ் முடித்த பிள்ளைகள் வந்து சேருவார்கள், நல்ல கெட்டிக்காரர்கள்தான், ஆனால் "போனில் போட்ட பில்லை சர்வருக்கு அனுப்பு" என்று சொன்னதும் நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்த பள்ளத்தில்தான் வரிசையாக வந்து விழுகிறார்கள். கமா விட்டுப்போனது, யூஆர்எல் தப்பாக அடித்தது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் எரர் மெசேஜே சொல்லிவிடும். எரரே வராமல் சேதம் செய்பவைதான் என் கவலை.

முதலில் பில்லின் வடிவத்தைப் பாருங்கள். மேலே பில் எண், தேதி, பார்ட்டி. உள்ளே சரக்கு வரிசைகள். ஒவ்வொரு வரிசைக்குள்ளும் வரி. புதுச்சேரிக் கடைக்காரர் ஊருக்குள்ளேயே விற்றால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என இரண்டு. அதே மூட்டை முள்ளோடை தாண்டி கடலூர்க் கடைக்குப் போனால் மாநிலம் விட்டு மாநிலம், ஐஜிஎஸ்டி ஒன்று மட்டும். ஆக வரி என்பது ஒற்றை எண் அல்ல, அதுவே ஒரு ஆப்ஜெக்ட் (சாவி-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு). மூன்று அடுக்கு ஆகிவிட்டது, இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பதைத்தான் நெஸ்டட் என்கிறோம். இதை ஃபார்ம் அனுப்புகிற மாதிரி தட்டையாக அனுப்பலாம் என்று நினைப்பதில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது.

ஆயிரத்தோடு நின்றுபோகும் ஃபார்ம்

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி மொத்த வியாபாரி. மார்ச் கடைசியில் குடோன் ஸ்டாக்கை லாட் வாரியாக ஆப்பில் ஏற்றவேண்டும். எழுதிய தம்பி ஃபார்ம் என்கோடிங்கில், அதாவது சரக்கு[0][கிரேடு], சரக்கு[0][எடை], சரக்கு[1][கிரேடு] என்று அடைப்புக்குறி போட்டு, எல்லாவற்றையும் சாவி-மதிப்பு ஜோடிகளாக உடைத்து அனுப்பியிருந்தான். சர்வரில் ஓடுவது பிஎச்பி மொழி. அடைப்புக்குறியைப் பார்த்ததும் பிஎச்பி தானாகவே அரே (வரிசைப் பட்டியல்) கட்டிக் கொடுத்துவிடும், அதனால் பத்து வரிசை போட்டு டெஸ்ட் செய்தபோது அற்புதமாக வேலை செய்தது. குடோன் கணக்குப்பிள்ளை இருநூறுக்கும் மேல் லாட் போட்டு அனுப்பினார். ஆப்பில் பச்சை டிக், "சேமிக்கப்பட்டது".

அந்த ஸ்டாக் பட்டியல்தான் வங்கிக்குப் போனது. கேஷ் கிரெடிட் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் சரக்கு குறைந்தால் டிராயிங் பவரும், அதாவது கணக்கிலிருந்து எடுக்கக்கூடிய தொகையும் குறையும். அதுவும் கொட்டை வரத்து தொடங்குகிற நேரம், ரொக்கம் கொடுத்து வாங்கவேண்டிய நேரம், அவர் கொடுத்த செக் திரும்பிவிட்டது. போனில் அவர் சொன்னது: "சார், மூட்டை குடோன்ல கண்ணு முன்னாடி நிக்குது. உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் காணோம்."

தம்பி உடனே, "அண்ணே, அங்க நெட் சரியில்லை" என்றான். அனுப்பிய பக்கத்தைப் பார்த்தால் எல்லா லாட்டும் கிளம்பியிருந்தது. மறுபடி அனுப்பினோம். டேட்டாபேஸில் 166 வரிசை. இன்னொரு போனிலிருந்து அனுப்பினோம். அதே 166. நெட் சரியில்லை என்றால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலா அறுந்துபோகும்?

கணக்கு போட்டுப் பாருங்கள். தலைப்பில் 4 ஃபீல்டு, ஒரு லாட்டுக்கு 6. 166 லாட்டுக்கு 996, அதோடு 4, மொத்தம் சரியாக 1000. பிஎச்பியில் மேக்ஸ் இன்புட் வார்ஸ் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதன் இயல்பான மதிப்பு 1000. அதைத் தாண்டி வருகிற ஃபீல்டுகளை அது கழித்துவிட்டு, லாக்கில் ஒரு வார்னிங் எழுதிவிட்டு, வந்தவரைக்கும் உங்கள் கோடிடம் கொடுத்துவிடும். புரொடக்‌ஷன் சர்வரில் அந்த லாக்கை யார் திறந்து பார்க்கிறார்கள்? தலைப்பில் 5 ஃபீல்டு இருந்திருந்தால்கூடத் தப்பித்திருப்போம், 166ஆவது லாட் கடைசி ஃபீல்டு இல்லாமல் அரைகுறையாக வந்து கோடு எங்கேயாவது முட்டியிருக்கும். இங்கே கத்தி சரியாக இரண்டு வரிசைக்கு நடுவில் விழுந்ததால் ஒரு தடயமும் இல்லை.

இந்த வரம்பு யாரோ சோம்பேறித்தனமாக வைத்ததல்ல. 2011 டிசம்பரில், ஹேஷ் மோதல் (பல சாவிகள் உள்ளே ஒரே இடத்தில் போய் முட்டுவது) வருகிற மாதிரி சாவிகளைப் பொறுக்கி, ஒரே ரிக்வெஸ்டில் குவியலாக அனுப்பி சர்வரை மூச்சுத்திணற வைக்கலாம் என்று பெர்லின் மாநாடு ஒன்றில் காட்டினார்கள். பிஎச்பி மட்டுமல்ல, பல மொழிகள் அதில் மாட்டின. அதைத் தடுக்கத்தான் 2012 ஜனவரியில் வந்த பிஎச்பி 5.3.9இல் இந்த வரம்பு சேர்ந்தது. அதனால்தான், விஷயம் புரிந்ததும் தம்பி சந்தோஷமாக "10000 ஆக்கிடலாமா அண்ணே" என்றபோது எனக்குக் கோபம் வந்தது. அப்படி ஆக்கினால் அதே விபத்து இன்னும் பெரிய வியாபாரியிடம், இன்னும் தாமதமாக நடக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

செய்யவேண்டியது, முழு ஆப்ஜெக்ட்டையும் ஒரே ஜேசன் (அடுக்குகளை அப்படியே எழுத்தாக்கும் வடிவம்) பாடியாக அனுப்புவது. ஹெடரில் கன்டென்ட் டைப் 'அப்ளிகேஷன்/ஜேசன்' என்று இருக்கவேண்டும். சர்வரில் வழக்கமான போஸ்ட் அரேயில் தேடாதீர்கள், ஜேசனை பிஎச்பி அங்கே போடாது, காலியாக இருக்கும். மூல இன்புட் ஸ்ட்ரீமைப் படித்து டிகோட் செய்யவேண்டும். இதில் எனக்குப் பிடித்ததே, வழியில் பாதி அறுந்த ஜேசன் பார்ஸ் ஆகாது என்பதுதான். கடைசி அடைப்பு வரவில்லை என்றால் மொத்தமும் தோல்வி, சத்தமாக. ஃபார்ம் என்கோடிங்கில் பாதி வந்தாலும் அதுவே ஒரு முழு ஃபார்ம் மாதிரிதான் தெரியும்.

அதோடு ஆப்பிலிருந்தே "வரிசை எண்ணிக்கை" என்று ஒரு ஃபீல்டு அனுப்புங்கள். சர்வரில் எண்ணிப் பார்த்து ஒத்துப்போகவில்லை என்றால் எதையும் எழுதாமல் 400 (தப்பான ரிக்வெஸ்ட்) கொடுங்கள். பதிலிலும் "சேமிக்கப்பட்டது" என்று மொட்டையாகச் சொல்லாமல் எத்தனை வரிசை சேமித்தோம் என்று சொல்லுங்கள். கணக்குப்பிள்ளைகள் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள், பச்சை டிக்கைப் பார்ப்பதில்லை.

பிஎச்பிக்குப் பதில் நோடில் (சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்) எழுதுகிறவர்கள் சிரிக்கவேண்டாம். அதில் பயன்படும் எக்ஸ்பிரஸ் ஃப்ரேம்வொர்க்கின் ஃபார்ம் பார்சரிலும் வரம்பு 1000தான், ஆனால் அது 413 (அனுப்பியது அளவுக்கு மீறியது) என்று முகத்துக்கு நேரே சொல்லி ரிக்வெஸ்டைத் திருப்பிவிடும், அதற்காக அதை மதிக்கிறேன். அதேநேரம், குவெரி ஸ்ட்ரிங்கில் (யூஆர்எல்லில் கேள்விக்குறிக்குப் பின் வருவது) அடைப்புக்குறி போட்டு அரே அனுப்பினால், கியூஎஸ் லைப்ரரி வழக்கமான அமைப்பில் 20க்கு மேற்பட்ட இன்டெக்ஸைப் பார்த்ததும் அரேயை ஆப்ஜெக்ட்டாக மாற்றிவிடும். பத்து சரக்கு வரை லூப் ஓடும், முப்பது வந்தால் ஓடாது. ஏன் என்று அரை நாள் தேடுவீர்கள்.

காலிப் பட்டியல் காணாமல் போவது

பில்லில் இருந்த தள்ளுபடி வரிகளை எல்லாம் பயனர் அழித்துவிட்டு சேமிக்கிறார். ஃபார்ம் என்கோடிங்கில் "பட்டியல் இருக்கிறது, ஆனால் காலி" என்று சொல்ல வழியே கிடையாது. அந்தச் சாவியே போகாது. சர்வர் என்ன நினைக்கும்? தள்ளுபடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பழையபடியே இருக்கட்டும் என்று விட்டுவிடும். அடுத்த முறை திறந்தால் அழித்த தள்ளுபடி எல்லாம் திரும்ப உட்கார்ந்திருக்கும்.

ஜேசனில் இது தெளிவாக இருக்கும்: காலி அரே, நல், சாவியே இல்லாதது, மூன்றும் வேறு வேறு. ஆனால் மூன்றுக்கும் என்ன பொருள் என்று ஆப் எழுதுகிறவரும் சர்வர் எழுதுகிறவரும் உட்கார்ந்து பேசியிருக்கவேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்னொரு வேடிக்கை: மதிப்பு அன்டிஃபைன்ட் ஆக இருந்தால் ஜேசனாக மாற்றும் ஸ்ட்ரிஞ்சிஃபை அந்தச் சாவியையே தூக்கிவிடும், என்ஏஎன் (எண் அல்லாதது) இருந்தால் நல் ஆக்கிவிடும், மேப்பில் போட்டு வைத்திருந்தால் வெறும் காலி ஆப்ஜெக்ட்தான் போகும். எதற்கும் எரர் வராது.

ஏப்ரல் 1, மார்ச் 31 ஆவது

நெஸ்டட் ஆப்ஜெக்ட்டின் அடியில் எங்கோ ஒரு தேதி இருக்கும், அதை யாரும் கவனிக்கமாட்டார்கள். ஜாவாஸ்கிரிப்ட் டேட் ஆப்ஜெக்ட்டை ஜேசனாக்கினால் யூடிசி, அதாவது உலகப் பொது நேரமாக மாறும். நம் ஊர் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஏப்ரல் 1 நள்ளிரவு 12 மணி என்று வைத்திருந்த தேதி, மார்ச் 31 மாலை 6.30 ஆகப் போய்ச் சேரும். நிதியாண்டே மாறிப்போச்சு! இதைச் சரிசெய்வதாக நினைத்து அந்த எழுத்தின் முதல் பத்து எழுத்தை மட்டும் வெட்டி எடுக்கிறார்கள், அது தப்பான தேதியை நிரந்தரமாக்குகிற வேலை. பில் தேதிக்கு நேரம் தேவையே இல்லை. காலண்டர் தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்று வெறும் எழுத்தாக அனுப்புங்கள்.

எண் மாதிரி இருப்பதெல்லாம் எண் அல்ல

முந்திரிக்கு எச்எஸ்என் கோடு (ஜிஎஸ்டியில் சரக்கு வகையைக் குறிக்கும் எண்) 0801இல் தொடங்கும். இதை எண்ணாக வைத்தால் 801 ஆகிவிடும். கையால் ஜேசன் ஒட்டுகிறவர்கள் (இன்னும் இருக்கிறார்கள்) மேற்கோள் போடாமல் 0801 என்று எழுதினால் அது செல்லுபடியாகும் ஜேசனே அல்ல, முன்னால் பூஜ்யம் வரக்கூடாது. கூட்டிக் கழிக்காத எதையும் எழுத்தாகவே அனுப்புங்கள்: எச்எஸ்என், பின்கோடு, போன் நம்பர், பில் எண். பெரிய ஐடிக்கும் இதே கதை, 9007199254740991க்கு மேல் போனால் ஜாவாஸ்கிரிப்ட்டில் கடைசி இலக்கங்களை நம்பமுடியாது.

ஸ்ட்ரிங்குக்குள் ஸ்ட்ரிங்

வரி ஆப்ஜெக்ட்டை தனியாக ஒருமுறை ஸ்ட்ரிஞ்சிஃபை, அப்புறம் பில்லை ஒருமுறை. போகிற இடத்தில் பேக்ஸ்லாஷ் மழை. கடைசியில் ஒரே ஒரு முறை, அவ்வளவுதான்.

கெட் ரிக்வெஸ்டில் பாடி

வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட்டில் ரிக்வெஸ்ட் அனுப்பும் ஃபெட்ச் இதை விடவே விடாது.

ஃபார்ம்டேட்டா

பில்லோடு போட்டோவும் போகவேண்டும் என்றால் இதுதான் வழி. கன்டென்ட் டைப்பைக் கையால் எழுதாதீர்கள், பவுண்டரி (ஃபீல்டுகளைப் பிரிக்கும் அடையாளம்) இல்லாமல் போய் சர்வர் பிரிக்கமுடியாமல் விழிக்கும். ஆப்ஜெக்ட்டை அப்படியே அதில் போட்டால் "ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்" என்ற எழுத்துதான் போகும்; ஒரு வியாபாரியின் பார்ட்டி லிஸ்ட்டில் இந்தப் பெயரில் பல கஸ்டமர்களை நான் பார்த்திருக்கிறேன். பில்லை ஜேசனாக்கி ஒரே ஃபீல்டில் வையுங்கள், போட்டோ இன்னொரு ஃபீல்டில்.

தலைப்பு தனியாக, வரிசைகள் தனியாக

நெஸ்டட் என்றாலே பயந்து, முதலில் பில் தலைப்பை அனுப்பி ஐடி வாங்கி, அப்புறம் ஒவ்வொரு சரக்காக அனுப்புகிறவர்கள் உண்டு. லைன் சேல்ஸ்மேன் தவளக்குப்பத்தில் வண்டியில் உட்கார்ந்து பில் போடுகிறார், மூன்றாவது சரக்கு போகும்போது சிக்னல் போகிறது. இப்போது டேட்டாபேஸில் ஒரு பில் இருக்கிறது, பாதி சரக்கோடு. அவர் மறுபடி அமுக்குகிறார், இன்னொரு பில். முழு பில்லும் ஒரே ரிக்வெஸ்டில் போகட்டும், சர்வரில் ஒரே ட்ரான்ஸாக்‌ஷனில் எழுதுங்கள், ஏதாவது ஒரு வரிசை சரியில்லை என்றால் மொத்தத்தையும் ரோல்பேக் செய்யுங்கள், அதாவது எதையும் எழுதாத நிலைக்குத் திருப்புங்கள்.

அதோடு போனிலேயே ஒரு யூயூஐடி (வேறெங்கும் வராத அடையாள எண்) உருவாக்கி பில்லோடு அனுப்பி, டேட்டாபேஸ் டேபிளில் அது இருக்கும் பத்திக்கு (காலம்) ஒரே மதிப்பு இருமுறை வராதபடி யூனிக் போடுங்கள். சர்வர் சேமித்துவிட்டு பதில் வருவதற்குள் சிக்னல் போனாலும், இரண்டாவது முறை வருவது புது பில் ஆகாது. பழைய பில்லையே பதிலாகத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் யூயூஐடியை சேவ் பட்டனை அமுக்கும்போது உருவாக்கினால் ஒவ்வொரு அமுக்கலுக்கும் புதிது வந்து பிரயோஜனமில்லாமல் போகும், பில்லைத் திறக்கும்போதே உருவாக்கிவிடவேண்டும்.

வந்ததை அப்படியே மாடலில் கொட்டுவது

டிகோட் ஆன அரேயை அப்படியே எடுத்து டேபிளில் எழுதுவது சுலபமாகத்தான் இருக்கும். உள்ளே யாராவது "கடன் வரம்பு" என்று ஒரு சாவியைச் சேர்த்து அனுப்பினால் அதுவும் சேர்ந்து எழுதப்படும். 2012 மார்ச்சில் கோடு வைக்கும் தளமான கிட்ஹப்பிலேயே இந்த ஓட்டை வழியாக ஒருவர் ரெயில்ஸ் ஃப்ரேம்வொர்க் ப்ராஜெக்ட்டுக்கு கோடு எழுதும் உரிமையை எடுத்துக் காட்டினார். எந்தச் சாவிகளை ஏற்போம் என்று ஒவ்வொரு அடுக்குக்கும் தனியாகப் பட்டியல் வேண்டும். மேல் அடுக்கில் மட்டும் வடிகட்டிவிட்டு உள்ளே இருக்கும் வரிசைகளைத் திறந்துவிடுவதுதான் வழக்கமாக நடப்பது.

வரியையும் மொத்தத்தையும் ஆப் சொன்னபடி எழுதாதீர்கள். விற்பவரின் ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் 34 என்றால் புதுச்சேரி, 33 என்றால் தமிழ்நாடு. அதையும் சரக்கு போய்ச் சேரும் மாநிலத்தையும் வைத்து ஐஜிஎஸ்டியா இல்லையா என்று சர்வரே முடிவு செய்து, வரிசை வரிசையாகக் கணக்குப் போடட்டும். ஆப் அனுப்பிய தொகையை ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பத்து பைசா இடித்தாலும் பில்லை ஏற்காதீர்கள், காரணத்தைத் தேடினால் ஒரு பக்கம் வரிசைக்கு வரிசை ரவுண்ட் செய்கிறது, இன்னொரு பக்கம் மொத்தத்தில் ரவுண்ட் செய்கிறது என்றுதான் பெரும்பாலும் இருக்கும்.