பித்தப்பையில் கல்லா? எண்ணெயை நிறுத்தாதீர்கள், அளந்து ஊற்றுங்கள்

போன வருடம் ஆடி மாதம், இரவு ஒன்றரை மணி இருக்கும். வலது விலாவுக்குக் கீழே யாரோ கையை விட்டுப் பிசைகிற மாதிரி ஒரு வலி. அப்படியே முதுகுக்குப் போய் வலது தோள்பட்டைக்கு அடியில் குத்தியது. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. "கேஸாத்தான் இருக்கும்" என்று மாமியார் ஓமத் தண்ணீர் கொடுத்தார். பிறகு பெருங்காயம் போட்ட மோர். பிறகு வெந்நீர் ஒத்தடம். நாலு மணிக்கு வலி தானாகவே விட்டது, பெயர் ஓமத்துக்குப் போனது.

ஒரு மாதம் கழித்து அதே வலி திரும்ப வந்தபோதுதான் ஸ்கேன் எடுத்தேன். பித்தப்பையில் பல கற்கள், பெரியது 9 மில்லிமீட்டர்.

ஆபரேஷன்தான் முடிவான வைத்தியம் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சை முடியும்வரை தள்ளிப்போடலாமா என்று கேட்டேன். "இப்ப அவசரம் இல்லைம்மா, ஆனா சாப்பாட்டுல ஜாக்கிரதையா இருக்கணும். நான் சொல்ற அறிகுறி வந்தா அன்னைக்கே வந்துரணும்" என்றார். அந்த எட்டு மாதத்தை எப்படி ஓட்டினேன் என்பதுதான் இந்தப் பதிவு. நான் டாக்டர் இல்லை, ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். அதனால் இதிலும் கணக்கு கொஞ்சம் கூடவே இருக்கும்.

படி 1: எப்போது சமையலறையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்

இதை முதலில் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வலி ஐந்தாறு மணி நேரமாகியும் விடவில்லை, குளிர்காய்ச்சல் வருகிறது, வாந்தி நிற்கவில்லை, கண் மஞ்சளாகிறது, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது, மலம் வெளுத்துப் போகிறது. இதில் எது வந்தாலும் சாப்பாட்டுப் பத்தியம் பேச நேரமில்லை. கல் பித்தக் குழாயில் இறங்கி அடைத்திருக்கலாம், கணையம் வீங்கியிருக்கலாம்.

கண் மஞ்சளானால் நம் ஊரில் கை தானாகக் கீழாநெல்லிக்குப் போகும். கல் இருப்பது தெரிந்தவர்கள் தயவுசெய்து அதை அரைத்துக்கொண்டு உட்காராதீர்கள். அடைத்த குழாயை எந்த இலையும் திறக்காது.

வலி நெஞ்சு நடுவில் இருக்கிறது, வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் முதலில் ஈசிஜி. மற்றதெல்லாம் அப்புறம்.

படி 2: ஸ்கேனும் ரிப்போர்ட்டும்

ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வெறும் வயிறு. காபியும் கூடாது. "ஒரு வாய்தானே" என்று பால் காபி குடித்துவிட்டுப் போய்த் திரும்பி வந்தவள் நான். எதையாவது சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், உள்ளே இருப்பது சரியாகத் தெரியாது.

ரிப்போர்ட்டில் நான்கு விஷயம் பாருங்கள்: கல்லின் எண்ணிக்கையும் அளவும், 'ஸ்லட்ஜ்' என்று எழுதியிருக்கிறதா (கல்லாகாத மண்டி), பையின் சுவர்த் தடிமன் (3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது), பொதுப் பித்தக் குழாயின் அகலம் (பொதுவாக 6 மில்லிமீட்டர் வரை). வேறு ஏதோ வலிக்கு ஸ்கேன் எடுத்து, தற்செயலாகக் கல் தெரிந்து, இதுவரை பித்தப்பை வலியே வராதவர் என்றால் பெரும்பாலும் ஆபரேஷன் வேண்டாம் என்றுதான் டாக்டர்களே சொல்வார்கள். ஒருமுறை வலித்தவர்களுக்கு அது பெரும்பாலும் திரும்ப வரும்.

படி 3: எண்ணெயைப் பூஜ்யமாக்காதீர்கள்

நான் குப்புற விழுந்த இடம் இது. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ரிப்போர்ட் வந்த அன்றே எண்ணெயை அடியோடு நிறுத்தினேன். காலையில் ஒன்றும் இல்லை, மதியம் தாளிக்காத ரசம் சாதம், ராத்திரி கஞ்சி. ஐந்து வாரத்தில் ஒன்பது கிலோ இறங்கியது. ஆபீஸில் எல்லோரும் "என்ன டயட்?" என்று கேட்டார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். ஐப்பசியில் சித்தி மகன் கல்யாணம். இவ்வளவு நாள் கட்டுப்பாடாக இருந்தோமே, ஒரு நாள்தானே என்று இரண்டு வடை, நெய் ஊற்றிய பருப்பு சாதம், அப்பளம், இலை ஓரத்தில் வைத்த ஜாங்கிரி. அன்று இரவு வந்த வலிக்கு முன்னால் ஆடி மாத வலி ஒன்றுமே இல்லை. ஊசி போட்டுத்தான் அடங்கியது.

எமர்ஜென்சியில் இருந்த சின்ன வயசு டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "எத்தனை நாளா எண்ணெயே சேர்க்கலை?"

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். பித்த நீரைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதை வாங்கி, தண்ணீரை உறிஞ்சிச் சுண்டவைத்துச் சேர்த்து வைக்கிற சின்னப் பை, அவ்வளவுதான். 30 முதல் 50 மில்லி பிடிக்கும். கொழுப்புள்ள சாப்பாடு சிறுகுடலுக்கு வந்ததும் ஒரு ஹார்மோன் சுரந்து "பிழி" என்று அதற்குச் சொல்லும், பை சுருங்கும். கல் பையின் வாயில் போய் மாட்டினால் வலி. அப்படியானால் கொழுப்பே வராவிட்டால் நல்லதுதானே? அதுதான் இல்லை. பிழியாத பையில் பித்த நீர் தேங்கும். கரைத்து வைத்த புளித் தண்ணீரைக் கலக்காமல் விட்டால் அடியில் மண்டி தங்குகிற மாதிரி அதிலும் மண்டி தங்கும். போதாததற்கு, உடம்பு வேகமாக இளைக்கும்போது கல்லீரல் பித்த நீரில் கொலஸ்ட்ராலைக் கூடுதலாகத் தள்ளும். வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் எடை இறங்கினால் கல் உருவாகும் வாய்ப்பே கூடுகிறது. நான் கிட்டத்தட்ட இரண்டு கிலோ வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

ஆகப் பட்டினியும் விருந்தும் மாறி மாறி வருவதுதான் மோசம். தினமும், ஒவ்வொரு வேளையும், கொஞ்சமாக, ஒரே அளவாகக் கொழுப்பு போக வேண்டும். எடை குறைக்க வேண்டியிருந்தால் வாரம் அரைக் கிலோ போதும்.

படி 4: கண்ணளவை நம்பாதீர்கள்

ஒரு சின்னச் சோதனை. பொரியலுக்கு வழக்கமாக ஊற்றுகிற எண்ணெயைக் கடாயில் ஊற்றாமல் ஒரு காய்ந்த கிண்ணத்தில் ஊற்றுங்கள். பிறகு அதை அளந்து பாருங்கள். "நான் ரொம்பக் கம்மியாத்தான் ஊத்துவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்த என் கை ஊற்றியது 25 மில்லி. நாலு பேருக்கு ஒரு பீன்ஸ் பொரியல்!

அளப்பதற்கு ஆன்லைனில் ஸ்பூன் செட் வாங்க வேண்டாம். டானிக் பாட்டிலோடு வரும் மூடி போதும். அதில் 5, 10, 15 என்று கோடு போட்டிருக்கும். நன்றாகக் கழுவி எண்ணெய்த் தூக்குக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டில் ஒன்று வாங்கினேன். நல்லெண்ணெய் ஊற்றிய மூன்றாம் நாள் மூக்கு அடைத்துக்கொண்டது, இப்போது செடிக்குத் தண்ணீர் தெளிக்கிறேன். ஏர் ஃப்ரையரும் எனக்குத் தேவைப்படவில்லை. நன்றாகப் பழகிய இரும்பு தோசைக்கல்லும், எண்ணெயில் தொட்ட பாதி வெங்காயமும் போதும்.

என் உணவு ஆலோசகர் எனக்குக் கொடுத்த கணக்கு: ஒரு வேளைக்குக் கொழுப்பு 12 கிராம் சுமார், நாள் முழுக்க 40 கிராம் வரை. உங்கள் எடைக்கும் வேலைக்கும் தகுந்த கணக்கை நீங்களும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி எண்ணெயில் நாலரை கிராம் கொழுப்பு. நெய்யும் ஏறக்குறைய அப்படித்தான். எங்கள் வீட்டில் ஆளுக்கு 15 மில்லி வீதம் நாலு பேருக்கு 60 மில்லியைக் காலையிலேயே ஒரு சின்னக் குப்பியில் ஊற்றி வைத்துவிடுவேன். அன்றைய சமையல் முழுக்க அதற்குள்தான். குப்பி காலியானால் ராத்திரிக்கு இட்லி.

இட்லி என்றதும் ஒரு விஷயம். இட்லி சாதுதான், அதன் பக்கத்தில் வைக்கிற பொடிதான் வில்லன். பொடியைக் குவித்து, நடுவில் விரலால் குழி பறித்து, குழி நிறைய நல்லெண்ணெய். அந்தக் குழி எவ்வளவு பிடிக்கிறது என்று ஒரு நாள் மூடியால் அளந்து ஊற்றிப் பார்த்தேன். 15 மில்லி. அந்த வேளைக்கான கொழுப்பு முழுவதும் ஒரே குழிக்குள் போய்விடுகிறது. இப்போது 5 மில்லி எண்ணெயோடு கொஞ்சம் வெந்நீர் விட்டுக் குழைக்கிறேன். முதல் வாரம் சகிக்காது. அப்புறம் பழகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத மற்றவை: ஒரு கைப்பிடித் தேங்காய்த் துருவல் (20 கிராம்) 6 கிராமுக்கு மேல். ஒரு கைப்பிடி நிலக்கடலை (30 கிராம்) 14 கிராம் சுமார். முட்டை மஞ்சள் கரு ஒன்று 5 கிராம். பாலில் பாக்கெட் நிறத்தைப் பாருங்கள். ஆவின் ஆரஞ்சு 6 சதவீதக் கொழுப்பு, நீலம் 3. ஒரு நாளுக்கு 200 மில்லி பால் குடிக்கிற எனக்கு, பாக்கெட்டை மாற்றியதில் மட்டும் 6 கிராம் மிச்சம். எந்தப் பத்தியமும் இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில்லை. பஃப்ஸ், பரோட்டா, டால்டா போட்ட பிஸ்கட் இதற்கெல்லாம் கணக்கே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

படி 5: நேரம்

எது சாப்பிடுகிறோம் என்பதைப் போலவே எப்போது சாப்பிடுகிறோம் என்பதும். முன்பெல்லாம் காலையில் காபியோடு ஓடி, மதியம் ஒன்றரைக்குத்தான் முதல் சாப்பாடு. முந்தின இரவிலிருந்து பதினாறு மணி நேரம், அந்தக் காபியைத் தவிர, பித்தப்பைக்கு வேலையே இல்லை. பிறகு இது என் அட்டவணை ஆனது:

எட்டு மணிக்கு இரண்டு தோசை, ஆளுக்கு 5 மில்லி எண்ணெய், தக்காளி அல்லது புதினாச் சட்னி. பதினோரு மணிக்கு ஒரு கொய்யாவோ பப்பாளியோ. ஒரு மணிக்குச் சாதம், பருப்பு போட்ட கீரைக் கூட்டு, ஒரு பொரியல், மோர். வாரம் இரண்டு நாள் மீன் குழம்பு, வறுவல் இல்லை. கோழி என்றால் தோல் உரித்தது. நாலரைக்குச் சுண்டல், வடை வாங்கப் போகிற நேரம் அதுதான் என்பதால். ஏழரைக்குள் இட்லியோ, கோதுமை ரவை உப்புமாவோ, சப்பாத்தியோ. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் படுக்கை.

நார்ச்சத்து பற்றித் தனியாகச் சொல்லவில்லை, இந்தச் சாப்பாட்டிலேயே வந்துவிடுகிறது.

படி 6: நாட்காட்டி

செயலி எதுவும் எனக்குச் சரிப்படவில்லை. அதில் கூட்டு, துவையல் எதுவும் கிடையாது, 'கறி' என்று ஒன்றை வைத்து எல்லாவற்றையும் அடக்கப் பார்க்கிறது. பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டரிலேயே வலி வந்த நாளில் சிவப்புப் புள்ளி, பக்கத்தில் முந்தின வேளை சாப்பிட்டது. இரண்டு மாதத்தில் எனக்கு ஆகாதது எது என்று தெரிந்துவிட்டது: தேங்காய்ப் பால் குருமா. வறுத்த மீன்கூட ஒருமுறை தப்பித்தது, குருமா ஒருமுறையும் தப்பவில்லை. உங்களுக்கு வேறாக இருக்கும்.

அக்கம்பக்கத்து வைத்தியம்

வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொல்லாத ஆளே இல்லை. அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் வைத்தியம். இந்தக் கல் வேறு உறுப்பில், வேறு பொருளால் ஆனது. கூட்டாகச் சமைத்துச் சாப்பிடுங்கள், நார்ச்சத்துக்கு நல்லது, அவ்வளவுதான்.

ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் கலந்து ராத்திரி குடித்தால் காலையில் கல் பச்சைப் பச்சையாக வெளியே வரும் என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. வெளியே வருவது குடித்த எண்ணெய் குடலில் சோப்பாகி உருண்டது. கல் உள்ளேயேதான் இருக்கும். அவ்வளவு எண்ணெயை ஒரே மூச்சில் குடித்தால் பித்தப்பை எப்படிப் பிழியும் என்று படி 3-ஐ இன்னொரு தடவை படியுங்கள்.

கரைக்கிற மாத்திரை உண்மையிலேயே உண்டு, அர்சோடிஆக்ஸிகோலிக் அமிலம் என்று பெயர். ஆனால் அது சின்ன கொலஸ்ட்ரால் கற்களுக்குத்தான், மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், நிறுத்தியபின் பலருக்குக் கல் திரும்ப வரும். டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும்.

பின்சேர்க்கை 1

கருத்துப் பெட்டியில் மூன்று பேர் காபி பற்றிக் கேட்டிருக்கிறார்கள். காபியும் பித்தப்பையைச் சுருங்கத் தூண்டும். கல் இருக்கிற சிலருக்கு அதுவே வலியைக் கிளப்பும். எனக்கு வெறும் வயிற்றில் ஆகவில்லை, தோசைக்குப் பிறகு குடித்தால் ஒன்றும் செய்யவில்லை.

ஒரு சகோதரி ரமலான் நோன்பு பற்றிக் கேட்டார். நான் சஷ்டி விரதத்தையே அந்த வருடம் விட்டுவிட்டவள், அதனால் நோன்பு வைக்கலாமா என்பதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். அவர் சரி என்றால், நோன்பு திறக்கும்போது சமோசாவையும் வடையையும் தள்ளி வைத்துவிட்டுப் பேரீச்சம்பழம், கொழுப்பில்லாத நோன்புக் கஞ்சியோடு தொடங்குங்கள். தேங்காய்ப் பாலும் கொத்துக்கறியும் அதில் வேண்டாம். சஹரை (விடியலுக்கு முன் சாப்பிடுகிற சாப்பாட்டை) விடாதீர்கள்.

பின்சேர்க்கை 2

மே மாதம் ஆபரேஷன் முடிந்தது. லேப்ராஸ்கோப்பி, வயிற்றில் நாலு சின்னத் துளை, மூன்றாம் நாள் வீட்டில். கல்லை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். எண்ணினால் பதினேழு. கறுகறுவென்று, மிளகை உடைத்த மாதிரி. நிறமிக் கல்லாம். கொலஸ்ட்ராலே அதிகம் இல்லாத வகை, மாத்திரைக்கும் கரைந்திருக்காது. நம் தென்னிந்தியப் பக்கம் இந்த வகை நிறையப் பேருக்கு இருக்கிறது என்றார் சர்ஜன். எட்டு மாதம் நான் இருந்த பத்தியம் ஒரு கல்லைக்கூடச் சின்னதாக்கவில்லை. ஆனால் ஐப்பசிக்குப் பிறகு சிவப்புப் புள்ளி நாலே நாலுதான்.

பை போன பிறகு பித்த நீர் சேமிப்பில்லாமல் குடலுக்கு நேராகச் சொட்டிக்கொண்டே இருக்கும். எனக்கு மூன்று வாரம் வயிறு இளக்கமாகப் போனது. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டதில் சரியானது. மாதக்கணக்கில் நின்றபாடில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் மருந்து இருக்கிறது.

டானிக் மூடி இன்னும் எண்ணெய்த் தூக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாமியார் மட்டும் அதைத் தொடுவதில்லை. நான் பார்க்காத நேரத்தில் குழி பறித்துத்தான் ஊற்றுகிறார்.