இரட்சிப்பு நிச்சயமா என்று தடுமாறும் தம்பி தங்கச்சிகளுக்கு

காசிமேட்டில் மீன் விற்கிறவள் நான். ராயபுரத்தில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வரும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, நான் நிஜமாவே இரட்சிக்கப்பட்டேனா?" அதாவது, பாவத்திலிருந்து மீட்கப்பட்டேனா என்று.

முதலில் பைபிளில் 1 யோவான் நிருபத்தை, அதாவது யோவானின் முதல் கடிதத்தை, ஒரே மூச்சில் வாசியுங்கள். ஐந்தே அதிகாரம். நித்தியஜீவன் உண்டென்று விசுவாசிகள் அறியும்படி எழுதினதாக 5:13-ல் (ஐந்தாம் அதிகாரம், 13-ம் வசனம்) யோவானே சொல்கிறார். ஆராதனையில் கண்ணீர் வந்ததா என்று பார்க்காதீர்கள்; உணர்ச்சி அலைபோல ஏறும், இறங்கும். கிறிஸ்து சிலுவையில் செய்து முடித்ததைப் பாருங்கள்.

பிறகு அதே நிருபத்தை வைத்து உங்களைச் சோதியுங்கள். பாவம் செய்தால் மனசு குத்துகிறதா? அன்றைக்கே அறிக்கையிடுங்கள், மன்னிப்பு 1:9-ல் இருக்கிறது. தண்ணீர் லாரி வரிசைச் சண்டையில் பக்கத்து வீட்டாரோடு பேச்சு நின்றுபோயிருந்தால், நீங்களே போய்ப் பேசுங்கள். சகோதரனைப் பகைத்துக்கொண்டு தேவனிடத்தில் அன்பு என்பவன் பொய்யன் என்கிறது 4:20. இதை நான் விடாமல் சொல்வேன். எடையில் ஏமாற்றுகிறவர் முதலில் தராசைச் சரிசெய்யட்டும். எல்லாம் சரியானால்தான் தேவன் ஏற்பார் என்று மட்டும் நினைக்காதீர்கள். கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள் என்கிறது எபேசியர் 2:8.

சபை ஐக்கியத்தை, திருவிருந்தை விடாதீர்கள். ராத்திரியில் பயம் வந்தால் யோவான் சுவிசேஷம் 10:28-ஐச் சத்தமாக வாசியுங்கள்; தம்முடையவர்களை ஒருவரும் தம் கையிலிருந்து பறிக்க முடியாது என்று இயேசு சொல்வது அங்கே இருக்கிறது.