பச்சைப்பயறு வேரை வளைக்கலாம் வாங்க

வேர் கீழே போகும், தண்டு வெளிச்சத்தைத் தேடிப் போகும். ஆனால் எந்த வளைவுக்கு ஒளி காரணம், எதற்குப் புவியீர்ப்பு காரணம் என்று பிரித்துக் காட்டச் சொன்னால் திணறல்தான். அதற்கு இருட்டு வேண்டும். வேரிலிருந்து தொடங்குவோம்.

பச்சைப்பயறை முளைகட்டி, அரை அங்குல வேர் நேராக விட்டவற்றைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். கொண்டைக்கடலை வேண்டாம், சீக்கிரம் பூசணம் பிடிக்கும். பழைய சிடி பெட்டியில் ஈரப்பஞ்சைப் பரப்பி, வேர் கீழ்நோக்கி இருக்கும்படி பயறுகளை வைத்து மூடி, ரப்பர் பேண்ட் போடுங்கள். டிஷ்யூ பேப்பரும் ஆகும், ஆனால் என் ஓட்டு பஞ்சுக்குத்தான். பயறை நகரவிடாமல் அமுக்கிப் பிடிக்கும்.

சொதப்புவது பெரும்பாலும் ஈரத்தில்தான். வேர் ஈரத்தை நோக்கியும் வளையும். பெட்டியின் அடியில் தண்ணீர் தேங்கினால், வேர் கீழே போனது புவியீர்ப்பாலா தண்ணீராலா என்று சொல்லவே முடியாது. பஞ்சை ஒட்டப் பிழிந்து, எல்லா இடத்திலும் ஒரே ஈரம் இருக்கும்படி பரப்புங்கள்.

சரி, இப்போது பெட்டியை ஒரு பக்கமாகத் திருப்பி நிறுத்தி, வேர் படுக்கைவாட்டில் இருக்கும்படி பீரோவுக்குள் வையுங்கள். காலையில் வைத்தால் சாயங்காலம் நுனி கீழே வளையத் தொடங்கியிருக்கும். வேர் நுனியின் மூடியில் உள்ள செல்களில் கனமான மாவுத்துகள்கள் இருக்கின்றன. திருப்பியதும் அவை புதிய அடிப்பக்கத்தில் போய் விழும். ஆக்சின் என்ற ஹார்மோன் அந்தப் பக்கம் சேரும். வேரில் அது வளர்ச்சியைத் தடுக்கும், மேல்பக்கம் நீளும், நுனி கீழே வளையும். தண்டில் இதே ஆக்சின் அடிப்பக்கத்தை நீளச் செய்யும், அதனால் தண்டு மேலே எழும். ஒரு பயறில் மட்டும் வேர் நுனியை ஒரு மில்லிமீட்டர் பிளேடால் நறுக்கிவிட்டுத் திருப்பிப் பாருங்கள். வளைய மறுக்கும்.

அப்புறம் ஒளி. ஷூ பெட்டியின் பக்கவாட்டில் ஒரு ஓட்டை, உள்ளே முளைத்த செடி. அவ்வளவுதான். சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் 1880இல் எழுதியதுபோல் நுனிக்குத் தொப்பி போட்டு ஒளியை மறைத்துப் பார்க்க ஆசையா? பயறில் செய்யாதீர்கள், அதன் தண்டே ஒளியை உணரும். கோதுமையை முளைக்கவிட்டு, இலை வெளிவருவதற்கு முந்தைய குருத்துறையின் நுனிக்கு அலுமினியத் தாளில் குட்டித் தொப்பி போடுங்கள்.

பின்சேர்க்கை: ஓட்டையில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டியும் செடி வளைகிறதே என்று கேட்டிருந்தார்கள். செடியை வளைப்பது நீல ஒளி. சிவப்புக் காகிதம் அதைத் தடுக்க வேண்டும், ஆனால் துளி கசிந்தாலே போதும். காகிதத்தை இரண்டு மடிப்பாக்குங்கள், பெட்டியின் மூலைகளையும் மூடியின் விளிம்பையும் கறுப்பு டேப்பால் அடையுங்கள். ஒளி பெரும்பாலும் மூடியின் விளிம்பு வழியாகத்தான் கசியும்.