வெறும் பென்சில் கோடுகளாக இருக்கும் சுவரை எப்படிப் பார்ப்பது?

தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைச் சுவரில் புகை படிந்த மாதிரி ஒரு சாம்பல் நிறம். கிட்டே போனால் மேலிருந்து கீழே இறங்கும் எக்கச்சக்கமான பென்சில் கோடுகள். "இதை நானே வரைவேனே!" என்று தோன்றும். தோன்றட்டும், அது பிறகு உதவும்.

அமெரிக்க ஓவியர் சால் லெவிட்டின் 'சுவர் ஓவியம் 46'தான் இது. 1970இல் பாரிஸில் முதலில் வரையப்பட்டது. இதை வைத்தே பழகுவோம்.

படி 1: பக்கத்தில் ஒட்டியிருக்கும் விவரக்குறிப்பை இப்போதைக்குப் படிக்க வேண்டாம். கோடுகளை மட்டும் பாருங்கள். ஒன்றுகூட நேராக இல்லை. ஒன்றை ஒன்று தொடவும் இல்லை.

படி 2: எதனால் செய்திருக்கிறார்கள்? கறுப்புப் பென்சில், சுவர். அவ்வளவுதான். கண்காட்சி முடிந்ததும் மேலே பெயிண்ட் அடித்துவிடலாம், இன்னொரு ஊரில் இன்னொரு சுவரில் திரும்ப வரையலாம். அப்படியானால் ஓவியம் எங்கே இருக்கிறது?

படி 3: அது லெவிட் எழுதிய குறிப்பில் இருக்கிறது. செங்குத்துக் கோடுகள், நேராக இருக்கக் கூடாது, தொடக் கூடாது, சுவர் முழுக்க ஒரே சீராக. அவருடைய சுவர் ஓவியங்களைப் பெரும்பாலும் வரைவது மற்றவர்கள்தான். சமையல் குறிப்பு ஒருவருடையது, கைப்பக்குவம் இன்னொருவருடையது என்பது போல.

படி 4: ஒரு ஏ4 தாளும் பென்சிலும் எடுத்து அந்தக் குறிப்பின்படி நீங்களே வரையுங்கள். தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். நான் வரைந்தபோது முதல் பத்துக் கோடு விளையாட்டாகத்தான் போனது. அப்புறம்தான் வம்பு. ஒரு கோடு கொஞ்சம் இடப்பக்கம் நெளிந்தால், இடிக்காமல் இருக்க அடுத்ததும் நெளிய வேண்டியிருக்கிறது. அந்த நெளிவு கோட்டுக்குக் கோடு தாவி, தாள் முழுக்க அலைபோலப் பரவுகிறது. பென்சில் முனை மழுங்கிக் கோடு தடிக்கிறது, உள்ளங்கை ஓரம் கரியாகிறது. அரைத் தாளுக்கே ஒரு மணி நேரம். "நானே வரைவேனே" என்றீர்களே, வரைந்துவிட்டீர்கள். இந்த ஓவியம் அதைத்தான் அனுமதிக்கிறது.

படி 5: இப்போது விவரக்குறிப்பைப் படியுங்கள். இது ஈவா ஹெஸ் என்ற சிற்பிக்குச் சமர்ப்பணம். லெவிட்டின் நெருங்கிய தோழி. மூளைக் கட்டியால் 1970 மே மாதம் இறந்தபோது வயது 34. கயிறு, லேட்டக்ஸ் (ரப்பர் பால்), வலைத்துணி என்று தொங்கும், நெளியும் பொருள்களில் வேலை செய்தவர். லெவிட்டோ அதுவரை தன் சுவர்களில் நேர்கோடே போட்டவர். கோணல் கோடு இங்கேதான் முதலில் வருகிறது. அவளுடையதில் கொஞ்சம், என்னுடையதில் கொஞ்சம் எடுத்துச் சேர்த்தேன் என்கிற பொருளில் அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். விதி அவருடையது, நெளிவு ஹெஸ்ஸுடையது.

புதிதாகப் பார்ப்பவர்கள் இந்த இடத்தில் "கோடெல்லாம் கண்ணீர்" என்று கிளம்பிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோட்டிலும் குறிப்பிலும் இல்லாததை நாமாகக் கொண்டுவந்து ஒட்டக் கூடாது.

சரி, உங்கள் தாளுக்கே திரும்புங்கள். அடுத்தடுத்த இரண்டு கோடுகளை மட்டும் பாருங்கள். ஒன்று வளைந்த இடத்தில் மற்றதும் கூடவே வளைந்திருக்கும். தொட்டிருக்காது.